புதிய கேம்ரியும் பழைய உரிமையாளர்களும்: மாடல் மாறும்போது உண்மையில் மாறுவது என்ன?

புதுடெல்லி: புதிய காரை வாங்கிச் சில மாதங்களே ஆன நிலையில் அதே காரின் அடுத்த மாடல் அறிமுகமானால், 'சற்றுப் பொறுத்திருக்கலாமே' என்ற எண்ணம் உரிமையாளருக்கு எழுவது இயல்பு. 40 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள பெரிய செடான் கார்களில் இந்த எண்ணம் வெறும் மனக்குறையாக நின்றுவிடுவதில்லை. மறுவிற்பனை விலை, காப்பீட்டுத் தொகை, உதிரிபாகம், உத்தரவாதம் என அனைத்தையும் அது தொடுகிறது.

இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு டொயோட்டா கேம்ரி. 2024 டிசம்பர் 11-ஆம் தேதி அதன் ஒன்பதாம் தலைமுறை மாடல் இந்தியாவில் 48 லட்சம் ரூபாய் எக்ஸ்-ஷோரூம் விலையில் அறிமுகமானது. பழைய கேம்ரியை வைத்திருப்பவர்களிடம் அது இருவகை எதிர்வினையை எழுப்பியது. கையில் உள்ள காரின் மதிப்பு குறைந்துவிடுமே என்ற கவலை ஒன்று. இந்த வகைக் கார் இன்னும் சில ஆண்டுகள் இந்தியச் சந்தையில் இருக்கும் என்ற நிம்மதி மற்றொன்று. இரண்டுக்கும் உள்ள அடிப்படையை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

மூன்று மாடல்கள், மூன்று விலைகள்

இந்தியாவில் கேம்ரி ஹைபிரிட் 2013 ஆகஸ்டில் 29.75 லட்சம் ரூபாய் விலையில் அறிமுகமானது. பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் இணைந்து இயங்கும் கார் இது. தனியாகச் சார்ஜ் செய்யத் தேவையில்லை. ஓட்டத்திலும் பிரேக் பிடிக்கும்போதும் அதன் பேட்டரி தானே மின்னூட்டம் பெறும். கர்நாடகத்தின் பிடதியில் உள்ள டொயோட்டா கிர்லோஸ்கர் ஆலையில் இந்தக் கார் ஒருங்கிணைக்கப்படுகிறது.

எட்டாம் தலைமுறை மாடல் 2019 ஜனவரியில் 36.95 லட்சம் ரூபாய்க்கு வந்தது. அதிலிருந்து இந்தியாவில் கேம்ரி ஹைபிரிட் வடிவில் மட்டுமே விற்கப்படுகிறது. அதன் புதுப்பிக்கப்பட்ட மாடல் 2022 ஜனவரியில் 41.70 லட்சம் ரூபாய்க்கு அறிமுகமானது. முகப்புக் கிரில், பம்பர், சக்கர வடிவமைப்பு ஆகியவை மாறின, எஞ்சின் மாறவில்லை. 2024 டிசம்பரில் வந்தது முற்றிலும் புதிய தலைமுறை.

2019-க்கும் 2024-க்கும் இடையே அறிமுக விலை 11.05 லட்சம் ரூபாய், அதாவது ஏறத்தாழ 30 சதவீதம் உயர்ந்துள்ளது. ஆனால் 2022-இல் அறிமுகமான மாடலின் விலையும் இடையிடையே உயர்த்தப்பட்டு, விற்பனையின் இறுதிக் கட்டத்தில் 46.17 லட்சம் ரூபாயாக இருந்தது. எனவே பழைய மாடலின் கடைசி விலைக்கும் புதிய மாடலின் முதல் விலைக்கும் இடையே இருந்த வேறுபாடு 1.83 லட்சம் ரூபாய் மட்டுமே. உரிமையாளர்களின் மனக்குறையை இந்தச் சிறிய வேறுபாடே பெரிதாக்கியது.

அதிகம் வருந்துவது யார்?

ஐந்து ஆண்டுகளாகப் பழைய காரை ஓட்டிவருபவரைவிட, புதிய மாடல் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன் வாங்கியவரே அதிகம் வருந்துகிறார். அவர் செலுத்திய விலையோடு இரண்டு லட்சத்துக்கும் குறைவான தொகையைச் சேர்த்திருந்தால் புதிய தலைமுறைக் கார் கிடைத்திருக்கும். அந்தத் தொகைக்குக் கிடைப்பவை சிறியவை அல்ல. 12.3 அங்குலத் தொடுதிரை, லித்தியம்-அயன் பேட்டரி, 230 குதிரைத்திறன் அளவிலான கூட்டுத்திறன், ஓட்டுநருக்கு உதவும் 'டொயோட்டா சேஃப்டி சென்ஸ் 3.0' பாதுகாப்புத் தொகுப்பு ஆகியவை புதிய மாடலில் உள்ளன. முந்தைய மாடலின் கூட்டுத்திறன் 218 குதிரைத்திறன் அளவில் இருந்தது.

இந்த வருத்தத்தின் பின்னால் ஒரு நடைமுறைக் குழப்பமும் உண்டு. அமெரிக்காவில் 'மாடல் ஆண்டு' என்பது சட்டப்படி வகுக்கப்பட்ட ஒன்று. 2024-ஆம் ஆண்டிலேயே ஒரு காரை '2025 மாடல்' என்ற பெயரில் விற்கலாம்; காரின் 17 எழுத்து அடையாள எண்ணில் பத்தாவது எழுத்து அந்த ஆண்டைக் குறிக்கும். இந்தியாவில் அத்தகைய நடைமுறை இல்லை. இங்கு கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுபவை காரின் உற்பத்தி மாதமும் ஆண்டும், பதிவு செய்யப்பட்ட நாளும் மட்டுமே.

இதனால் தோற்றத்திலும் வசதியிலும் வேறுபட்ட இரண்டு கார்கள் ஒரே உற்பத்தி ஆண்டைக் கொண்டிருக்கக்கூடும். 2024-இல் தயாரான எட்டாம் தலைமுறைக் கேம்ரியும் அதே ஆண்டின் இறுதியில் வந்த ஒன்பதாம் தலைமுறைக் கேம்ரியும் பதிவுச் சான்றில் '2024' என்றே இருக்கலாம். ஆனால் பழைய கார்ச் சந்தையில் இரண்டும் ஒரே விலைக்குப் போகாது.

வாங்குபவர் இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாடல் மாறும் காலத்தில் ஷோரூம்களில் எஞ்சியிருக்கும் பழைய கார்கள் தள்ளுபடியில் விற்கப்படுவது வழக்கம். தள்ளுபடி நல்லதா என்பதை முடிவு செய்ய, காரின் உற்பத்தி மாதத்தை முதலில் அறிய வேண்டும். விற்பனையாளர் அளிக்கும் படிவம் 21 என்ற விற்பனைச் சான்றில் அது குறிப்பிடப்பட்டிருக்கும். காரின் அடையாள எண்ணிலும் அது குறியீடாக உண்டு. பணம் செலுத்திய பிறகு பார்ப்பதைவிட, ஒதுக்கப்பட்ட காரின் அடையாள எண்ணை முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டுப் பெறுவதே பாதுகாப்பு. உற்பத்தி ஆண்டை மறைத்துக் கார் விற்கப்பட்டதாகக் கருதினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் அளிக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம்.

பின்னர் பொருத்தக்கூடியவையும் பொருத்த முடியாதவையும்

2019 மாடலில் உரிமையாளர்களின் முதன்மையான குறை, ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்பிளே ஆகிய வசதிகள் இல்லாததே. இவை இருந்தால் கைபேசியில் உள்ள வரைபடத்தையும் பாடல்களையும் காரின் திரையிலேயே பயன்படுத்தலாம். அதில் கால் பங்கு விலையுள்ள கார்களிலேயே இந்த வசதி இருந்தபோது, 37 லட்சம் ரூபாய்க் காரில் இல்லையே என்ற ஆதங்கம் நியாயமானது. 2022 மாடலில் 9 அங்குலத் திரையுடன் இந்த வசதி சேர்க்கப்பட்டது. அந்தப் புதுப்பிப்பில் உரிமையாளர்களுக்கு மிகப் பெரிய மாற்றம் கிரில்லோ பம்பரோ அல்ல, இந்தத் திரைதான்.

ஒரு மாடல் புதுப்பிக்கப்படும்போது சேரும் வசதிகளை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. திரை, கேமரா, ஒலிபெருக்கி போன்றவற்றை வெளியில் வாங்கிப் பழைய காரிலும் பொருத்த முடியும். ஆனால் அவ்வாறு பொருத்தும்போது மின்கம்பிகளை வெட்டி இணைத்தால் உத்தரவாதம் பாதிக்கப்படலாம். ஹைபிரிட் கார்களில் உயர் மின்னழுத்த இணைப்புகள் இருப்பதால் இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை.

இரண்டாவது வகை, பின்னர் பொருத்தவே முடியாதவை. புதிய கேம்ரியின் ஓட்டுநர் உதவி அமைப்பு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. முன்னால் செல்லும் வாகனத்தின் வேகத்துக்கேற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்வது, தடத்தை விட்டு விலகாமல் ஸ்டீயரிங்கைத் திருத்துவது, மோதல் நேரக்கூடும் எனில் தானே பிரேக் போடுவது ஆகியவற்றை அது செய்கிறது. இதற்கு ரேடாரும் கேமராவும் மட்டும் போதாது. பிரேக், ஸ்டீயரிங், எஞ்சின் கட்டுப்பாட்டு மென்பொருள் அனைத்தும் தொடக்கத்திலிருந்தே ஒன்றோடொன்று இணைத்து வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். எனவே 2019 அல்லது 2022 மாடல் உரிமையாளர் இந்த வசதியை விரும்பினால் காரை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

அது எந்த அளவுக்குத் தேவை என்பது ஓட்டும் சாலையைப் பொறுத்தது. டெல்லி–மும்பை போன்ற விரைவுச் சாலைகளில் நீண்ட தொலைவு தாமே ஓட்டுபவர்களுக்கு இது களைப்பைக் குறைக்கும். விபத்தைத் தடுக்கவும் உதவும். தடக் கோடுகள் அழிந்த, இருசக்கர வாகனங்கள் குறுக்கே புகும் நகரச் சாலைகளில் இதன் பயன் குறைவு. ஒன்பது ஏர்பேக்குகள் முந்தைய தலைமுறையிலும் இருந்தன என்பதால், பழைய கார் திடீரெனப் பாதுகாப்பற்றதாகிவிட்டது என்று எண்ணத் தேவையில்லை.

பின்னிருக்கையின் தீர்ப்பு

இந்தியாவில் பெரிய செடான் கார்களின் உரிமையாளர்கள் பலர் ஓட்டுநர் இருக்கையில் அமர்வதில்லை. ஓட்டுநர் ஓட்ட, பின்னிருக்கையில் அமர்ந்து செல்பவர்கள் அவர்கள். அவர்களுடைய எதிர்வினை தொடுதிரையைப் பற்றியதாக இருப்பதில்லை. கால் நீட்ட இடம் உண்டா, முதுகைச் சாய்க்க முடிகிறதா, சாலைக் குலுக்கல் உள்ளே தெரிகிறதா என்பவையே அவர்களின் கேள்விகள்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் இரு தலைமுறைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறியது. முன், பின் சக்கரங்களுக்கு இடையேயான தொலைவு இரண்டிலும் 2,825 மில்லிமீட்டர். மின்விசையில் சாயும் பின்னிருக்கையும், நடுவிலுள்ள கைதாங்கியில் அமைந்த கட்டுப்பாட்டுப் பொத்தான்களும் 2019 மாடலிலேயே இருந்தன, புதியதிலும் தொடர்கின்றன. காரின் மொத்த நீளம் 4,920 மில்லிமீட்டராகச் சற்றுக் கூடியிருந்தாலும் அந்தக் கூடுதல் பின்னிருக்கைக்கு வந்து சேரவில்லை. ஆகவே பின்னிருக்கை உரிமையாளருக்கு மாறியே ஆகவேண்டிய கட்டாயம் குறைவு.

பேட்டரியும் எரிபொருள் செலவும்

ஹைபிரிட் கார் உரிமையாளர்களின் கவலைகளில் முதலிடம் பேட்டரிக்கே. முந்தைய தலைமுறைக் கேம்ரியில் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி இருந்தது. புதியதில் எடை குறைந்த லித்தியம்-அயன் பேட்டரி இடம்பெற்றுள்ளது. 'அப்படியானால் நம் பேட்டரி வழக்கொழிந்துவிட்டதா' என்ற ஐயம் பழைய உரிமையாளர்களுக்கு எழுகிறது.

தொழில்நுட்ப நோக்கில் நிக்கல் வகை பேட்டரி பழையதுதான். ஆனால் நீடித்துழைப்பதில் அது நற்பெயர் பெற்றது. உலகெங்கும் ஹைபிரிட் கார்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்பட்டு வந்துள்ளது. ஹைபிரிட் பேட்டரிக்கு ஆண்டு, கிலோமீட்டர் ஆகிய இரு வரம்புகளில் எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. எனவே 2019-இல் வாங்கியவர் தம் காரின் உத்தரவாத ஆவணத்தில் அந்த வரம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதிக தொலைவு ஓட்டுபவர்களுக்கு அந்த வரம்பு முன்னதாகவே வந்துவிடும். உத்தரவாதம் முடியும் முன் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் பேட்டரியின் நிலையைச் சோதித்து அறிக்கை பெற்று வைத்துக்கொண்டால் மறுவிற்பனையின்போதும் அது உதவும். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துவாரம் பின்னிருக்கைப் பகுதியில் இருப்பதால், அதைத் துணியோ பையோ மறைக்காமல் பார்த்துக்கொள்வதும் அதன் வடிகட்டியைத் தூய்மையாக வைத்திருப்பதும் எளிய, ஆனால் முக்கியமான பராமரிப்பு.

மைலேஜைப் பொறுத்தவரை, சோதனை நிலையில் 2019 மாடலுக்கு லிட்டருக்கு 23.27 கிலோமீட்டர் எனவும், புதிய மாடலுக்கு 25.49 கிலோமீட்டர் எனவும் அறிவிக்கப்பட்டது. கேட்பதற்குப் பெரிய முன்னேற்றமாகத் தோன்றும் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 15 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் பழைய காருக்கு ஏறத்தாழ 645 லிட்டரும் புதிய காருக்கு 588 லிட்டரும் தேவை. மிச்சமாவது 57 லிட்டருக்கும் குறைவு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 5,700 ரூபாய்கூட மிஞ்சாது. நடைமுறையில் இரண்டு கார்களுமே சோதனை அளவைவிடக் குறைவாகவே தரும். எரிபொருள் சிக்கனத்துக்காக மட்டும் பழைய கேம்ரியை விற்றுப் புதியதை வாங்குவது எந்தக் கணக்கிலும் பொருந்தாது.

எரிபொருள் தொடர்பாக வேறொரு கவலை உண்டு. நாடெங்கும் இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படுகிறது. 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான கார்களின் பாகங்கள் இந்தக் கலப்புக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்ற விதி உள்ளது. அதற்கு முந்தைய கார்கள் பொதுவாக 10 சதவீதக் கலப்பை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிடக் குறைவு என்பதால், அத்தகைய கார்களில் மைலேஜ் 3 முதல் 6 சதவீதம் வரை குறையலாம் என்று அரசுத் தரப்பே மதிப்பிட்டுள்ளது. 2019 மாடல் உரிமையாளர் தம் காரின் கையேட்டிலும் எரிபொருள் மூடியிலும் எந்தக் கலப்பு அனுமதிக்கப்பட்டுள்ளது என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது. பழைய ரப்பர் குழாய்களையும் இணைப்புகளையும் சர்வீஸின்போது சோதிக்கச் சொல்வதும் அவசியம்.

வரி மாற்றம் தந்த இரண்டாவது அதிர்வு

2024 டிசம்பரில் புதிய கேம்ரியை வாங்கியவர்கள் தாங்கள் சரியான நேரத்தில் வாங்கியதாக எண்ணி மகிழ்ந்திருப்பர். ஆனால் அவர்களுக்கும் ஒரு சிறு ஏமாற்றம் காத்திருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாற்றியமைக்கப்பட்டன. அதுவரை கேம்ரி போன்ற பெரிய ஹைபிரிட் கார்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் 15 சதவீத இழப்பீட்டுச் செஸ்ஸுமாக மொத்தம் 43 சதவீத வரி இருந்தது. செஸ் நீக்கப்பட்டு, ஒரே விகிதமாக 40 சதவீதம் நிர்ணயிக்கப்பட்டது. இதையடுத்து கேம்ரியின் விலை 1,01,800 ரூபாய் வரை குறைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

புதிய கார் விலை குறைந்தால் பழைய காரின் விலையும் அதற்கேற்பக் கீழிறங்கும். வாங்குபவர் பழைய காரை மதிப்பிடும்போது அவர் ஒப்பிடுவது, விற்பவர் அன்று கொடுத்த விலையோடு அல்ல. இன்று ஷோரூமில் உள்ள விலையோடுதான்.

இந்த வரி மாற்றத்தில் கவனிக்க வேண்டிய மற்றொரு கூறு உண்டு. முன்பு பெரிய பெட்ரோல் செடான்களுக்கு 48 சதவீத வரி இருந்தது; ஹைபிரிட் வகைக்கு 43 சதவீதம். இந்த ஐந்து புள்ளி வேறுபாடு ஹைபிரிட் காருக்குச் சாதகமாக இருந்தது. இப்போது இரண்டுக்கும் 40 சதவீதமே. மறுபுறம் மின்சாரக் கார்களுக்கு 5 சதவீத வரி அப்படியே தொடர்கிறது. 2024 மார்ச்சில் பிஒய்டி சீல் என்ற மின்சாரச் செடான் 41 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் இந்தியாவுக்கு வந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ஹைபிரிட் செடான் உரிமையாளரின் அடுத்த கார் எதுவாக இருக்கும் என்ற கேள்விக்கு முன்பிருந்த எளிய விடை இப்போது இல்லை.

மாநில வரியையும் மறந்துவிடக் கூடாது. கேம்ரி தயாராகும் கர்நாடகத்திலேயே 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பெட்ரோல் கார்களுக்கு 18 சதவீத வாழ்நாள் வரியும் அதன் மீது கூடுதல் வரியும் உண்டு. 48 லட்சம் ரூபாய்க் காருக்கு அடிப்படை வாழ்நாள் வரி மட்டும் 8.64 லட்சம் ரூபாய். பழைய காருக்குச் செலுத்திய வரி, அதே மாநிலத்தில் விற்கும்போது திரும்பக் கிடைக்காது. புதிய காருக்கு மீண்டும் முழுமையாகச் செலுத்த வேண்டும். மாடல் மாற்றத்தின் விலை என்பது ஷோரூம் விலைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு மட்டுமல்ல என்பதற்கு இதுவே சான்று.

காப்பீட்டில் கவனிக்கத் தவறுவது

மாடல் மாறும்போது உரிமையாளர்கள் பெரும்பாலும் கவனிக்காத இடம் காப்பீடு. கார் திருடுபோனாலோ விபத்தில் முற்றிலும் சிதைந்தாலோ காப்பீட்டு நிறுவனம் தரும் அதிகபட்சத் தொகை, 'ஐடிவி' எனப்படும் காப்பீடு செய்யப்பட்ட அறிவிப்பு மதிப்பு. இது உரிமையாளர் வாங்கிய விலையிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. பாலிசி தொடங்கும் அல்லது புதுப்பிக்கப்படும் நாளில் அந்த மாடலுக்கு நிறுவனம் நிர்ணயித்துள்ள பட்டியல் விலையிலிருந்து தேய்மானத்தைக் கழித்துக் கணக்கிடப்படுகிறது.

வழக்கிலுள்ள தேய்மான அட்டவணைப்படி ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டு ஆண்டு வரை 20, மூன்று ஆண்டு வரை 30, நான்கு ஆண்டு வரை 40, ஐந்து ஆண்டு வரை 50 சதவீதம் கழிக்கப்படும். பட்டியல் விலை 46 லட்சம் ரூபாய் என்றால், மூன்று ஆண்டுகள் முடிந்து நான்காம் ஆண்டில் உள்ள காரின் ஐடிவி 27.6 லட்சம் ரூபாய். பட்டியல் விலை ஒரு லட்சம் குறைந்தால் அதே காரின் ஐடிவி 60 ஆயிரம் ரூபாய் குறையும்.

மாடலே நிறுத்தப்பட்டுவிட்டால் ஒப்பிடப் பட்டியல் விலை இல்லை. அத்தகைய கார்களுக்கும் ஐந்து ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கும் காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் கலந்து பேசி ஐடிவியை முடிவு செய்யலாம் என்பதே விதி. இதை அறியாத பலர், புதுப்பிப்பு அறிவிப்பில் வரும் தொகையை அப்படியே ஏற்றுக்கொள்கின்றனர். பிரீமியம் குறைவாக இருப்பதைப் பார்த்து மகிழ்பவர்கள், ஐடிவியும் குறைந்திருப்பதைக் கவனிப்பதில்லை. 2022 மாடல் வைத்திருப்பவர், அந்த மாடலின் கடைசிப் பட்டியல் விலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் நியாயமான தொகையைக் கேட்டுப் பெற முடியும்.

முழு இழப்பு ஏற்பட்டால் வாங்கிய விலையையே ஈடாகப் பெற உதவும் 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்ற கூடுதல் காப்பீடும் உண்டு. ஆனால் அது பொதுவாகக் காரின் முதல் சில ஆண்டுகளுக்கு மட்டுமே வழங்கப்படும். மாடல் மாற்றத்துக்குச் சற்று முன் கார் வாங்கியவருக்கே இது அதிகம் பயன்படும்.

அப்படியானால் நிம்மதி எதற்கு?

கவலைகளுக்கு நடுவே பழைய உரிமையாளர்கள் புதிய மாடலை வரவேற்பதற்கும் வலுவான காரணம் உண்டு. இந்தியாவில் பெரிய செடான் என்ற வகையே சுருங்கிவருகிறது. வாங்குவோர் எஸ்யூவி கார்களை நாடத் தொடங்கிய பிறகு, நிறுவனங்கள் ஒவ்வொன்றாக இந்த வகையிலிருந்து விலகின. பிஎஸ்-6 மாசு விதி நடைமுறைக்கு வந்த 2020-இல் ஹோண்டா அக்கார்டும் ஃபோக்ஸ்வாகன் பஸாட்டும் இந்தியச் சந்தையை விட்டு நீங்கின. ஸ்கோடா சூப்பர்ப் 2023-இல் நின்று, 2024 ஏப்ரலில் முழுமையாக இறக்குமதி செய்யப்பட்ட காராக 54 லட்சம் ரூபாய் விலையில் குறைந்த எண்ணிக்கையில் திரும்பியது.

நிறுத்தப்பட்ட மாடலின் உரிமையாளர் என்ன எதிர்கொள்கிறார்? முகப்பு விளக்கு உடைந்தால் அதற்காக வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அந்த மாடலை நன்கறிந்த மெக்கானிக்குகள் குறைவர். மறுவிற்பனைக்கு வரும்போது வாங்குபவர் முதலில் கேட்பது 'பார்ட்ஸ் கிடைக்குமா' என்பதே. அந்தக் கேள்வியின் நிழல் விலையில் விழும்.

புதிய தலைமுறைக் கேம்ரி பிடதியிலேயே தொடர்ந்து தயாராவதால், அதற்கான பயிற்சி பெற்ற பணியாளர்களும் ஹைபிரிட் அமைப்பைச் சோதிக்கும் கருவிகளும் சேவை மையங்களில் தொடர்ந்து இருக்கும். இரு தலைமுறைகளிலும் 2.5 லிட்டர் எஞ்சின்தான் என்பதும் பழகிய தொழில்நுட்பம் தொடர்வதைக் காட்டுகிறது. எனவே புதிய மாடலின் வருகை பழைய காரின் விலையைச் சற்றுக் குறைத்தாலும், அதன் பராமரிப்பு எளிதாகத் தொடரும் காலத்தை நீட்டிக்கிறது. மாடல் புதுப்பிக்கப்பட்டதால் ஏற்படும் இழப்பைவிட, மாடல் நிறுத்தப்பட்டதால் ஏற்படும் இழப்பு பெரிது.

மாற்றுவதா, வைத்திருப்பதா?

மூன்று வகை உரிமையாளர்களுக்கு விடையும் மூன்று வகைப்படும்.

2013 முதல் விற்கப்பட்ட முதல் ஹைபிரிட் கேம்ரியை வைத்திருப்பவர்களுக்குப் பேட்டரி உத்தரவாதக் காலம் கடந்துவிட்டது. பேட்டரி மாற்ற வேண்டிய நிலை வந்தால், அதற்கான மதிப்பீட்டையும் காரின் இன்றைய சந்தை விலையையும் ஒப்பிட்டே முடிவெடுக்க வேண்டும். பேட்டரி நன்றாக இருக்கும்போதே சோதனை அறிக்கையுடன் விற்பது, பழுதான பிறகு விற்பதைவிட நல்ல விலையைத் தரும்.

2019 முதல் 2021 வரை வாங்கியவர்கள் முதலில் தம் காரின் பேட்டரி உத்தரவாதம் எதுவரை என்பதைப் பார்க்க வேண்டும். ஓட்டுநர் உதவி அமைப்பு அவர்களுக்கு உண்மையிலேயே தேவை எனில் மாற்றம் பொருளுடையது. திரையும் தோற்றமும் மட்டுமே ஈர்க்கின்றன எனில், வாழ்நாள் வரியை மீண்டும் செலுத்தும் அளவுக்கு அவை பெறுமானமுள்ளவையா என்று சிந்திக்க வேண்டும்.

2022-க்குப் பின் வாங்கியவர்கள் காரின் தேய்மானம் மிகுதியாக இருக்கும் ஆண்டுகளில் இருக்கிறார்கள். இப்போது விற்றால் இழப்பே அதிகம். இவர்களுக்குப் பொருத்தமானது காரை வைத்துக்கொண்டு, காப்பீட்டுப் புதுப்பிப்பில் ஐடிவியைக் கேட்டுப் பெறுவதும், சர்வீஸ் ஆவணங்களை முழுமையாகச் சேர்த்து வைப்பதுமே. பழைய கார்ச் சந்தையில் முழுமையான சர்வீஸ் பதிவுள்ள ஹைபிரிட் காருக்கும் பதிவில்லாத காருக்கும் வாங்குபவர்கள் காட்டும் நம்பிக்கையே வேறு.

புதிய மாடல் அறிமுகமான நாளில் பழைய காரின் எஞ்சினோ இருக்கையோ ஒரு சிறிதும் மாறுவதில்லை. மாறுவது அதைச் சுற்றியுள்ள கணக்குகளே. அந்தக் கணக்குகளைத் தெளிவாகப் பார்க்கும் உரிமையாளர், மனக்குறையால் அவசரப்பட்டு விற்கவும் மாட்டார். பிடிவாதத்தால் உரிய நேரம் கடந்தும் வைத்திருக்கவும் மாட்டார்.